ரிவர்ஸ் விழாத பெட்டி

அன்புக்குக் குறைவில்லாத, ஆனால் பத்து மாதமாக இந்த வாசல் பக்கம் தலைகாட்டாத மச்சான் அவர்களுக்கு, தங்கள் அக்காவைக் கட்டியவனும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டி ‘கிளட்ச் வாத்தியார்’ என்ற பட்டத்தோடு ஓய்வு பெற்றவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே காரைத் தவிர அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான் ஒருவன்தான். அங்கே தாங்களும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைதான். கேட்கிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டதால் நம்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

‘தாங்கள்’ என்று இன்னும் நாலு வரி ஓட்டலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. என் கல்யாணத்தன்று அரைக்கால் சட்டையோடு வந்து, என் கைக்கடிகாரத்தை வாங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லி, பந்தி முடிவதற்குள் அதைப் பதினோரு துண்டாகப் பிரித்துப் போட்டவன் நீ. உன்னைத் தாங்கள் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். ஆகவே நீ என்றே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது சமாதானக் கடிதம் இல்லை. சண்டைக் கடிதமும் இல்லை. நீ உன் கையால் பிரித்து மறுபடி கோத்துக் கொடுத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடப்போகிறேன். செய்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போடுவது முறையில்லை என்பதால் சொல்கிறேன். அவ்வளவுதான் விஷயம். நீ வர வேண்டாம்.

இந்தப் பெட்டி எப்படி வந்தது என்று உனக்கே கதை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் சொல்லாமல் எனக்கு அடுத்த வரி வராது. என் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அது வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? அப்போதுதான் நீ எங்கிருந்தோ இந்த வெள்ளைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தாய். “வண்டி தங்கம் அத்தான், பெட்டிதான் செத்துப்போச்சு, அதை நான் பாத்துக்கறேன்” என்றாய். அன்றிலிருந்து இன்றுவரை என் இடது கால் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இடத்தில் தரைவிரிப்பு ஓட்டையாகிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது ஓட்டை வழியாகக் கால்விரல் தகரத்தைத் தொடுகிறது.

நம் வீட்டுக் கார் கொட்டகையில் ஒன்பது நாள் நீ அந்தப் பெட்டியைப் பிரித்துக் கிடந்தாய். மூன்றாம் நாளே உன் அக்கா தையல் மெஷினை மூடிவிட்டு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். எதையாவது பிரித்துப் போட்டிருந்தால் அவளுக்குப் பொறுக்காது, அது பாவாடையானாலும் சரி, கியர்பாக்ஸானாலும் சரி. நீ கழற்றிய சாமான்களைச் செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “இப்படியாடா வெப்ப? காத்தடிச்சா எது எங்க போகும்?” என்று கேட்டு, பள்ளிச் சீருடை தைத்து மீந்த நீலத் துணியில் ஒரே மதியத்தில் இருபத்துநாலு பைகள் வைத்து ஒரு விரிப்பு தைத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பைக்கும் சிவப்பு நூலில் நம்பர். வளையம் ஒரு பையில், ஸ்பிரிங் ஒரு பையில், இன்னதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாத சின்னச் சின்ன வால்வுகள் ஏழெட்டுப் பையில். பதினேழாம் பையில் இரும்பு உருண்டைகள், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. “இதுங்கதான் அத்தான் காவல்காரங்க. எண்ணெய் எந்தப் பக்கம் போகணும், எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு இதுங்க தடுத்து அனுப்பும். இது சரியா உக்காரலேன்னா அழுத்தம் ஓடிப்போயிடும், கிளட்ச் தட்டு முழுசா பிடிக்காது” என்று நீ விளக்கினாய். “அப்ப உள்ள கிளட்ச் இருக்கா?” என்று நான் துள்ளிக் குதித்தேன். “ஒண்ணு இல்ல, அஞ்சாறு இருக்கு, ஆனா உங்கள மிதிக்க விடாது” என்றாய். உன் அக்கா அன்று சிரித்த சிரிப்பு அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும்.

உங்கள் இருவருக்கும் ஒரு வேலைமுறை இருந்தது. நீ குனிந்தபடி கையை மட்டும் பின்னால் நீட்டுவாய், அவள் நம்பர் பார்த்துப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைப்பாள். பை காலியானால் அந்த வேலை முடிந்தது என்று கணக்கு. எல்லாம் பூட்டியதும், வெளியூரில் இருக்கிற மகள் வாங்கிக் கொடுத்து ஒருநாளும் போட்டுக்கொள்ளாத நகப்பூச்சை எடுத்துவந்து, இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள், எது இறுக்கியாயிற்று என்று உனக்கு அடையாளம் தெரிய. அத்தனையும் அவள் கை. நான் விளக்குப் பிடித்தேன். விளக்கை ஆட்டுகிறேன் என்று இருவரிடமும் திட்டு வாங்கினேன்.

இனி தேய்மானத்தின் அறிகுறிகளை வரிசையாக எழுதுகிறேன். முதல் அறிகுறி ஆரம்பத்திலேயே இருந்தது. ரிவர்ஸில் போட்டால் உடனே விழாது. பெரிய மனுஷன் மாதிரி ஒரு விநாடி யோசித்துவிட்டு, பிறகு ‘தட்’ என்று ஒரு குலுக்கலோடு விழும். உனக்குப் போன் செய்தேன். “புதுசா கோத்த பெட்டி அத்தான், பழகும்” என்றாய். ஒரு வருடத்தில் அந்த ஒரு விநாடி மூன்று விநாடி ஆனது. பழகியது பெட்டி இல்லை, நான்தான். பிறகு இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும் இடத்தில் எஞ்சின் வீறிட ஆரம்பித்தது. வண்டி ஓடாது, சத்தம் மட்டும் ஓடும். அதன்பின் மேட்டில் ஏறும்போது ஒரு நடுக்கம். கடைசியாக எண்ணெய். செர்ரிப்பழ நிறத்தில் நீ ஊற்றிய எண்ணெய் முதலில் டீ நிறமாகி, பிறகு டிகாஷன் ஆகி, இப்போது தார் மாதிரி இருக்கிறது. மோந்து பார்த்தால், உன் அக்கா துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் போன் பேசப் போவாளே, அந்த நாள் வாசனை.

நீ சொல்லிக் கொடுத்தபடி எஞ்சின் சூடானதும் எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி, அவளுடைய வெட்டுத்துணித் துண்டில் துடைத்து, தேதி எழுதி, அவளுடைய குண்டூசியாலேயே கொட்டகைச் சுவரில் குத்தி வைத்து வந்தேன். வாரத்துக்கு ஒன்று. எதிர்வீட்டு நர்ஸ் அம்மா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போய், “இது எத்தனை நாளா போகுது? யாருக்கு?” என்று கேட்டார். “காருக்கு” என்றேன். “உங்களுக்கு ஒண்ணுமில்லையே?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, வந்ததற்கு என் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அது காரைவிட அதிகமாக இருந்தது.

இரண்டு மாதமாக ரிவர்ஸ் என்பதே கிடையாது. நெம்புகோலை அந்த எழுத்தில் வைத்தால் எஞ்சின் உறுமும், கார் அசையாது. சரி, வாழ்க்கையில் ரிவர்ஸ் அப்படியென்ன அத்தியாவசியம் என்று நினைத்து, முன்னால் மட்டுமே போகிற மாதிரி என் காரியங்களை அமைத்துக்கொண்டேன். காரைக் கொட்டகைக்குள் விடுவதில்லை, தெருவிலேயே நிறுத்துகிறேன், முன்னால் யாரும் நிறுத்தாமல் இருக்க இரண்டு பூந்தொட்டிகளைக் காவல் வைத்திருக்கிறேன். சுற்றிக்கொண்டு வெளியே வர வழியுள்ள கடைகளுக்கு மட்டும் போகிறேன். பல் டாக்டரை மாற்றிவிட்டேன், பழைய டாக்டர் கைராசிக்காரர்தான், ஆனால் அவர் வாசலில் சுவர் இருக்கிறது. இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் போன மாதம் மருந்துக்கடையில் மாட்டிக்கொண்டேன். பேசிக்கொண்டே வந்தவன் (யாரோடு பேசினேன் என்று கேட்காதே, பக்கத்து இருக்கை காலிதான்) பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டேன். வெளியே எடுக்க வழியில்லை. ஆறு பேர் வந்து பானெட்டில் கைவைத்துப் பின்னால் தள்ளினார்கள். அந்த ஆறு பேரில் மூன்று பேர் என்னிடம் ஓட்டப் படித்தவர்கள். அதில் ஒருவன், என்னிடம் நாலு தடவை ஃபெயிலானவன், ஜன்னலருகே குனிந்து, “அவசரப்படாதீங்க சார், பின்னாடி பாருங்க, இப்ப லேசா இடதுபக்கம் ஒடிங்க” என்று என் குரலிலேயே சொன்னான். நான் ஒடித்தேன். வேறென்ன செய்வது?

அதற்கடுத்த வாரம் முட்டுச்சந்து. சாலையில் குழாய் பதிக்கிறார்கள் என்று போலீஸ்காரர் கையைக் காட்டிய பக்கம் திரும்பியவன், சந்தின் கடைசியில் ஒரு வீட்டு கேட்டின் முன்னால் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பள்ளி வேன், அதற்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் வண்டி. இருவரும் சேர்ந்து ஹாரன் அடித்தால் நான் என்ன செய்ய முடியும்? இறங்கி அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். கையெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு அம்மாள் வந்தார். “அம்மா, என் காருக்குப் பின்னால போகத் தெரியாது. உங்க வீட்டுக்குள்ள புகுந்து அந்தப்பக்கத் தெருவுக்குப் போயிக்கலாமா?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவர் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். என்னை ஒரு நிமிடம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு கேட்டையும் திறந்துவிட்டார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவே நான் மெல்ல ஓட்டிப்போனேன், எனக்குப் பின்னால் பள்ளி வேனும் வந்தது, குழந்தைகள் கை தட்டின. அடுத்த தெருவில் நிறுத்திப் பார்த்தால் பானெட்டின்மேல் ஒரு படுக்கைவிரிப்பு. மடித்துக் கொண்டுபோனேன். அதன் ஓரத் தையல் பிரிந்திருந்ததைப் பார்த்ததும், “இது என்கிட்ட இருக்கட்டும், என் வீட்டுக்காரி நிமிஷத்துல அடிச்சுக் குடுத்துடுவா” என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் நினைவு வந்தது. அந்த அம்மாள் வாங்கிக்கொள்ள நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். நான் எப்படி காருக்குத் திரும்பி வந்தேன் என்று தெரியவில்லை.

அதற்குப்பிறகுதான் மூலைக்கடை மெக்கானிக்கிடம் போனேன். எதைக் கேட்டாலும் “பாக்கலாம்” என்று சொல்வதால் தெருவே அவரைப் பாக்கலாம் என்றுதான் கூப்பிடுகிறது. அவர் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் எண்ணெய்த் தட்டைக் கழற்றினார். பதினெட்டு போல்ட், பதினெட்டுச் சிவப்புப் பொட்டு. ஒவ்வொன்றிலும் ஸ்பானர் விழும்போது அந்தப் பொட்டு இரண்டாகப் பிளந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டின் அடியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அவர் விரலால் வழித்துக் காட்டினார். “சாம்பல் மாதிரி பசையா மட்டும் இருந்தா ஒண்ணுமில்ல, எல்லாப் பெட்டிலயும் இருக்கும். இங்க பாருங்க, மினுமினுன்னு இரும்புச் சிலாம்பு. தட்டுல கருப்பா செதில் செதிலா கெடக்கறது கிளட்ச் தட்டோட தோல். உள்ள வழுக்கி வழுக்கித் தேஞ்சிருக்கு” என்றார். எண்ணெயை மாற்றினால் சரியாகிவிடாதா என்று கேட்டேன். “ஊத்திப் பாக்கலாம். ஆனா தேஞ்சது தேஞ்சதுதான்” என்றார். பிறகு டார்ச் அடித்து நெடுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான் நினைத்திருந்த ஒன்றைச் சொன்னார்: “செஞ்ச ஆளு கை சுத்தமான கை சார். ஒரு சொட்டு கசிவு இல்ல, ஒரு எடத்துல கோணல் இல்ல. இப்படிச் செஞ்ச பெட்டி இவ்வளவு சீக்கிரம் தேயவே கூடாது. ஏன்னு எனக்குப் புரியல.”

“அப்போ பிரிச்சுப் பாத்துடலாமா?” என்று கேட்டேன். முதல்முறையாக அவர் பாக்கலாம் என்று சொல்லவில்லை. “அடுத்தவர் பூட்டி அடையாளம் வெச்ச பெட்டிய நான் பிரிக்கிறதில்ல. எங்க தொழில்ல அது ஒரு மரியாதை. செஞ்சவரக் கூப்பிடுங்க. இல்லேன்னா விபத்துல அடிபட்ட வண்டிலேர்ந்து ஒரு பெட்டி எடுத்து மாட்டிடலாம், இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றார். செய்தவரைக் கூப்பிட முடியாது என்றேன். “செத்துட்டாரா?” என்று கேட்டார். இல்லை, நான் பேசியது அப்படி என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. “தூரத்துல இருக்கார்” என்று சொன்னேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

மச்சான், இவ்வளவு தூரம் எழுதிவிட்டு அந்த நாளைத் தாண்டிப் போனால் அது நியாயம் இல்லை. அன்று காலை பத்து மணிக்கு அவள் வெட்டு மேஜையில் கையை ஊன்றி நின்று, “நெஞ்சுல என்னமோ பண்ணுதுங்க” என்றாள். கத்தரிக்கோலைக்கூட அதனிடத்தில் மாட்டிவிட்டுத்தான் வந்தாள். தானே நடந்துவந்து காரில் ஏறினாள். நான் ரிவர்ஸில் போட்டேன். விழவில்லை. அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், விழவில்லை. எஞ்சின் கத்துகிறது, நானும் கத்துகிறேன், அவள் என் கையைத் தொட்டு, “அவசரப்படாதீங்க, அது வரும்” என்றாள். நாலு நிமிடம் கழித்து வந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குள் போனாள், வரவில்லை. நீ ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க ஓடிவந்தாய். உன்னைப் பார்த்ததும், அத்தனை பேர் நிற்கிற வராந்தாவில், “உன் பெட்டிதான்டா அவளைக் கொன்னுது” என்று சொன்னேன். அவளை எடுத்துப்போகும்வரை கேட்டுக்கு வெளியே நின்று எல்லா வேலையும் செய்தாய், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காமல் போனாய். பிறகு உன் மெக்கானிக் கடை ஷட்டரை இழுத்து மூடிவிட்டாய் என்றும், டயர் கிடங்கில் கணக்கு எழுதுகிறாய் என்றும், ஸ்பானரைக் கையால் தொடுவதில்லை என்றும் தங்கச்சி போனில் சொன்னாள். என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, அழுதாள், அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதமே என்றுகூட உனக்குத் தோன்றலாம். மூன்றாம் வாரம் காகிதங்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெரிய டாக்டரிடம் அந்த நாலு நிமிடத்தைப் பற்றிக் கேட்டேன். “நாலு நிமிஷம் என்ன, நாப்பது நிமிஷம் முன்னாடி வந்திருந்தாலும் எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. வீட்டிலேயே முடிஞ்சுபோற அளவுக்குப் பெரிசு, இவ்வளவு தூரம் வந்ததே ஆச்சரியம்” என்றார். அன்றே பஸ் ஏறி வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒன்பது மாதமாக யோசித்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: உன்மேல் பழி இருக்கிறவரை எனக்கு ஒரு வேலை இருந்தது. அதை எடுத்துவிட்டால் அவள் சும்மா போய்விட்டாள் என்று ஆகிவிடும். சும்மா எப்படிப் போவாள்? எனக்கு அது தாங்காது.

ஆகவே அன்று சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெட்டி அவளைக் கொல்லவில்லை. மீதிப் பாதி, அதாவது பெட்டி சரியில்லை என்பது, அப்படியே நிற்கிறது. அதற்குச் சாட்சியாக எண்ணெய் துடைத்த துணித் துண்டுகளில் பதினாலைத் தேதிவாரியாக இத்துடன் அனுப்புகிறேன். பாக்கலாம் கொடுத்த காந்தத்தையும் அதன் சிலாம்போடு துணியில் சுற்றி வைக்கிறேன், நீயே கண்ணால் பார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டி இறங்குகிறது. அவள் வைத்த பொட்டுகளில் இன்னும் நாற்பது சொச்சம் பிளக்காமல் இருக்கின்றன, அவற்றை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரிவர்ஸ் இல்லாமல் எத்தனை வீட்டுக்குள் புகுந்து போவது? நீ வந்து தடுக்க வேண்டாம். வருத்தப்படவும் வேண்டாம். டயர் கிடங்கில் நிழலாவது இருக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. உன் முதுகுவலிக்கு உன் அக்கா சொன்ன ஒத்தடத்தை விடாமல் செய். குனிந்து செய்கிற வேலைதான் இல்லை என்றாகிவிட்டதே, வலி குறைந்திருக்கும். அதுவும் என்னால் கிடைத்த நன்மை என்று எழுத வந்தேன், எழுதியபிறகு படிக்க நன்றாக இல்லை. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அவள் இருந்தால் எதைச் சொல்லி உன்னை வாழ்த்துவாளோ அதையெல்லாம் நான் சொன்னதாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
கிளட்ச் வாத்தியார் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமா என்று பார்த்தேன், பன்னிரண்டு பக்கம், கை வலிக்கிறது, அப்படியே இருக்கட்டும். ஆனால் எதையும் நம்பாதே.

காந்தத்தைச் சுற்ற அழுத்தமான துணி ஒன்று வேண்டும் என்று அவள் அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் அந்த நீல விரிப்பு, துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். மேஜைமேல் விரித்து, காந்தத்தை நடுவில் வைக்கப்போனேன். கையிலிருந்து தாவி விரிப்பின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. குண்டூசிதான், அவள் குண்டூசி இல்லாத இடம் இந்த வீட்டில் ஏது என்று நினைத்துத் தடவினேன். குத்தவில்லை. மடித்துத் தைத்த ஓரத்துக்குள் உருண்டையாக ஒன்று, காந்தத்தை நகர்த்தினால் கூடவே உருளுகிறது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. பதினேழாம் பைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். அடி மூலையில் இரண்டு தையல் விட்டுப்போயிருக்கிறது, அங்கிருந்து ஓரத்துக்குள் வழி. காவல்காரர்களில் ஒருவன் உள்ளே போகவேயில்லை மச்சான். இரண்டரை வருடமாக இந்த அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

நீ குனிந்தபடி, “இன்னும் இருக்கா அக்கா?” என்று கேட்டாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “பை காலிடா” என்றாள். “காலின்னா முடிஞ்சுது” என்றாய். மூன்று பேரில் ஒருவராவது எண்ணியிருக்கலாம். உன் கண் பெட்டிக்குள் இருந்தது, அவள் கண் பையில் இருந்தது, சும்மா நின்ற ஒரே ஆள் நான், நான் உங்களுக்குக் கிளட்சின் அருமை பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அன்று, “அது வரும்” என்று அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லியிருக்க மாட்டாள். முப்பத்துநாலு வருடத்தில் அவள் தையலில் நான் ஒரு குறை கண்டுபிடித்திருப்பது இதுதான் முதல் தடவை. சொல்லிக் காட்ட ஆள் இல்லை.

மீதிப் பாதியையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். பாக்கலாமிடம் போய்ப் பெட்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். செய்தவர் வருகிறார் என்று சொல்லியிருக்கிறேன். “பாக்கலாம்” என்றார், கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. துணித் துண்டுகளை அனுப்பவில்லை, காந்தத்தையும் அனுப்பவில்லை, அது விரிப்பிலேயே ஒட்டியபடி மேஜைமேல் இருக்கிறது. உன் ஸ்பானர்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு வா. தேய்ந்த தட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். விளக்கை நான் ஆட்டாமல் பிடிக்கிறேன், இந்தத் தடவை எண்ணுகிறேன். அந்த ஓரத்தை நான் பிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போய்விட்டு வந்துவிட்டேன். அவள் போட்ட தையல். நீ வந்து பிரி.